தெருவை முதலில் வரைந்து பார்ப்போம்: நடக்கிறவர்களுக்கான ஊர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடைபாதைக்காக மனு எழுதி அலுத்துப்போனவர்கள், குடியிருப்போர் சங்கத்தில் ஏதாவது உருப்படியாகச் செய்யலாமே என்று நினைப்பவர்கள், கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள், இவர்களுக்கு நான் சொல்வது, தெரு இன்று எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்று படமாக வரைந்து காட்டுங்கள் என்பதுதான். அதைப் பற்றி இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்துதான், எனக்கு நன்றாகத் தெரிந்த பிளாட்பாரங்கள் அவைதான்.

படம் வரைந்தால் தெரு மாறிவிடுமா?

மாறாது. டெண்டர் விட்டால்தான் மாறும். ஆனால் டெண்டருக்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது, அங்கேதான் எல்லாம் குழம்புகிறது. பொறியாளர் வைத்திருக்கும் வரைபடம் தெருவாசிகளுக்குப் புரியாது, தெருவாசிகள் எழுதும் மனு பொறியாளருக்கு எதையும் காட்டாது. "நடைபாதையைச் சீரமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதினால் அவர் மனதில் வருவது புது டைல்ஸ். நீங்கள் நினைத்தது, அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கோயில் வரைக்கும் தள்ளிக்கொண்டு போக ஒரு வழி. இரண்டு பேரும் ஒரே காகிதத்தைப் பார்த்துப் பேசினால்தான் இது வெளியே வரும்.

தியாகராய நகர் பாண்டி பஜாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தியாகராய சாலையில் அகலமான நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் தடுப்புகளை வைத்து, வண்டிகளை நிறுத்தி, ஜனங்களை நடக்கவிட்டுச் சோதனை நடத்தினார்கள். அதுவும் ஒரு படம்தான், காகிதத்தில் போடாமல் ரோட்டிலேயே நிஜ அளவில் போட்ட படம். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009-இல் பிராட்வேயின் ஒரு பகுதியில் வண்டிகளை நிறுத்தியபோது, வாங்கச் சொன்ன நாற்காலிகள் வந்து சேராததால் மலிவான மடக்கு நாற்காலிகளைப் போட்டு வைத்தார்கள், ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இப்படியும் இருக்கலாம் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பேச்சின் போக்கே வேறு.

எதை வரைவது? முழுத் தெருவையுமா?

முழுத் தெருவை வரையப் போனால் யாரும் முடிப்பதில்லை. ஒரு ஆள், ஒரு பயணம், அவ்வளவுதான் வரைய வேண்டியது, படக்கதை மாதிரி ஆறு கட்டங்களில்.

ஒரு பாட்டி வீட்டிலிருந்து ரேஷன் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் வாசல்: பலமுறை ரோடு போட்டுப் போட்டு ரோடு வீட்டைவிட உயர்ந்துவிட்டது, அவர் மேலே ஏறித்தான் தெருவுக்கே வர வேண்டும். இரண்டாவதில் நடைபாதை இருக்கிறது, ஆனால் முழங்கால் உயரத்தில், அதனால் அவர் ஏறாமல் ரோட்டோரமாகவே போகிறார். மூன்றாவதில் டிரான்ஸ்ஃபார்மரும் அதன் பக்கத்தில் கொட்டி வைத்த கட்டட மணலும், சுற்றிக்கொண்டு நடு ரோட்டுக்கு வருகிறார், பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன். நான்காவதில் ரோட்டைக் கடக்க நிற்கிறார். ஐந்தாவதிலும் நிற்கிறார். ஆறாவதில் ரேஷன் கடை, உட்கார இடமில்லை, கையில் பை.

அந்த ஐந்தாவது கட்டத்தை வேண்டுமென்றேதான் போடச் சொல்கிறேன். காத்திருப்பதைப் புள்ளிவிவரத்தில் காட்டினால் கண்ணில் படாது, ஒரே படம் இரண்டு தடவை வந்தால் பார்க்கிறவருக்கு உறைக்கும்.

அப்புறம் அதே ஆறு கட்டத்தையும், தெரு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வைத்து மறுபடி வரையுங்கள். பாட்டி அதே பாட்டி, பை அதே பை. அவர் திடீரென்று இளமையாகிச் சிரித்துக்கொண்டு போகத் தேவையில்லை, எல்லாத் திட்டப் படங்களிலும் ஆட்கள் காரணமே இல்லாமல் சிரிக்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை.

மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்தால் அழகாக இருக்குமே?

அழகாகத்தான் இருக்கும். காகத்துக்குப் பிரயோஜனம். மேலிருந்து பார்த்தால் 30 சென்டிமீட்டர் படி தெரியாது, தாழத் தொங்கும் கேபிள் தெரியாது, நிறுத்தி வைத்த காருக்குப் பின்னால் ஒளிந்துபோகும் குழந்தையும் தெரியாது. மூன்று வயசுக் குழந்தை ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் உயரம். கேமராவை அந்த உயரத்துக்கு இறக்கி உங்கள் தெருமுனையில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள், பம்பர்களும் சைலன்சர்களும்தான் தெரியும். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் சுமார் 1.2 மீட்டரில் இருக்கும். காய்கறிக் கடையின் மேஜை அங்கிருந்து எப்படித் தெரிகிறது என்பதையும் எடுத்துப் பார்க்கலாம்.

மேலிருந்து ஒரு படம் வேண்டும்தான், எது எங்கே இருக்கிறது என்று காட்ட. கதை சொல்வதற்குக் கண்மட்டப் படம்.

எனக்கு வரையவே வராது.

பரவாயில்லை, பெரும்பாலானவர்களுக்கு வராது. தெருவைப் போட்டோ எடுத்து ஏ3 தாளில் பிரிண்ட் போடுங்கள், மேலே பட்டர் பேப்பரை வைத்து, மாறாதவற்றை (கட்டடம், மரம், மின்கம்பம்) அப்படியே நகலெடுத்துவிட்டு, மாற வேண்டியதை மட்டும் புதிதாக வரையுங்கள். ஆட்களைக் குச்சி மனிதர்களாகப் போட்டாலும் போதும், உயரம் மட்டும் சரியாக இருக்கட்டும்.

பட்டர் பேப்பரை ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிவிட்டால் தூக்கினால் இன்றைய தெரு, மூடினால் நாளைய தெரு. இது பழைய தந்திரம். இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற தோட்ட வடிவமைப்பாளர் பணக்கார வாடிக்கையாளர்களுக்கு இப்படித்தான் மடிப்பு வைத்த படங்களைக் காட்டினார், சிவப்பு அட்டை போட்டிருந்ததால் அவற்றுக்குச் சிவப்புப் புத்தகங்கள் என்றே பெயர். பிரபுக்களின் தோட்டத்துக்குப் பயன்பட்டது நம் தெருவுக்கும் பயன்படட்டுமே.

கணினியில் செய்ய விரும்பினால் ஸ்ட்ரீட்மிக்ஸ் என்ற இணையக் கருவி இருக்கிறது, தெருவின் குறுக்குவெட்டை (தெருவைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிற படம்) கட்டம் கட்டமாக இழுத்து வைத்து அகலத்தை மாற்றிப் பார்க்கலாம்.

ஏ.ஐ.யிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் படம் தருகிறதே, எதற்கு இந்தப் பாடு?

கேட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு ஐரோப்பிய ஊரின் தெருவைக் கொடுத்து, நடுவில் புடவை கட்டிய ஒருவரை நிறுத்தி வைக்கும். ஈ.பி. பாக்ஸ் காணாமல் போயிருக்கும், இஸ்திரி வண்டி போயிருக்கும், தெருநாய் போயிருக்கும், கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் மாதிரி ஏதோ இருக்கும். பிரச்சினையைத் தீர்க்காமல் அழித்துவிடுகிற படம் அது. டிரான்ஸ்ஃபார்மரை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வியே, அதைப் படத்திலிருந்து தூக்கிவிட்டால் பதில் கிடைத்த மாதிரி ஆகிவிடுமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. மினுமினுப்பான படத்தைப் பார்த்தால் ஜனங்கள் எல்லாம் முடிவாகிவிட்டது என்று நினைத்து "நல்லா இருக்கு சார்" என்று போய்விடுவார்கள். பென்சிலில் கிறுக்கிய படத்தில்தான் "இந்த இடத்துல தண்ணி தேங்கும்" என்று விரல் வைத்துச் சொல்வார்கள். கடைசியில், எல்லாம் பேசி முடித்தபிறகு, மெருகேற்ற வேண்டுமானால் ஏ.ஐ.யை வைத்துக்கொள்ளலாம்.

அளவெல்லாம் எடுக்க வேண்டுமா? இது கற்பனைதானே?

டேப் இல்லாமல் போகாதீர்கள். அளவில்லாத கற்பனையை எந்தப் பொறியாளரும் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்: "இடம் இல்லைங்க."

கணக்கு ஒன்றும் பெரிசில்லை. நம் ஊரில் 40 அடி ரோடு என்றால் சுமார் 12 மீட்டர். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்ற வழிகாட்டி, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது, அதாவது இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் போக வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 3.6 மீட்டர். மரம், விளக்குக் கம்பம், ஈ.பி. பாக்ஸ் எல்லாம் நிற்க இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர். மிச்சம் 6.4 மீட்டர், போகவும் வரவும் இரண்டு வண்டித் தடங்களுக்கு அது தாராளம். ஆக இடம் இருக்கிறது. இல்லாதது பார்க்கிங்குக்கான இடம், அது வேறு சண்டை, கீழே வருகிறேன்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள், சென்னையில் அதுதான் பெரிய வில்லன். அதே வழிகாட்டிப்படி நடைபாதை 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. நம் ஊரில் மழைநீர் வடிகாலைக் கட்டி அதன் மூடியையே நடைபாதையாக்கிவிடுவதால் 30, 45 சென்டிமீட்டர் என்று ஏறிவிடுகிறது. சாய்தளம் போடலாமே என்பீர்கள். சாய்தளத்துக்கு 12-க்கு 1 என்று கணக்கு, 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் போதும், 45 சென்டிமீட்டருக்கு 5.4 மீட்டர் வேண்டும். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் இரண்டு பக்கமும் 5.4 மீட்டர் சாய்தளம் போட்டு ஒரு படம் வரைந்து பாருங்கள், தெரு முழுக்கச் சறுக்குமரம்தான். உயரத்தைக் குறைப்பதைத் தவிர வழியே இல்லை என்று வாதாட வேண்டியதில்லை, படமே சொல்லிவிடும்.

தள்ளுவண்டிக்காரர்களைப் படத்தில் வைப்பதா, எடுப்பதா?

வையுங்கள். இது எல்லாக் கூட்டத்திலும் சண்டையாகும், ஆனாலும் வையுங்கள். பூக்காரம்மாவும் இளநீர்க் கடையும் இல்லாத தெருவில் இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக நடக்க யாருக்கும் தைரியம் வராது. நடைபாதை குறுகலாக இருப்பதற்குக் காரணம் அவர்கள் என்று சொல்கிறவர்கள், எதிரே வரிசையாக நிற்கும் கார்களை அளந்துவிட்டுப் பேசலாம்.

2014-ஆம் வருடத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். படத்தில் அவர்களுக்கு இடம் ஒதுக்குவது தயவு அல்ல. 1.8 மீட்டர் நடைவழியை விட்டுவிட்டு, மரங்கள் நிற்கும் அந்தப் பட்டையைக் கடைக்காக அகலப்படுத்துங்கள். எவ்வளவு அகலம் என்று அவர்களையே கேளுங்கள். வண்டி எவ்வளவு நீளம், வாங்குகிறவர் எந்தப் பக்கம் நிற்பார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

போட்டோ விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம். பிளாட்பாரத்தில் கடை போட்டிருப்பவரை எடுத்து "பாருங்கள், நடக்க இடமில்லை" என்று அனுப்பினால், மறுநாள் லாரி வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். முகம் தெரியாமல் எடுங்கள், எதற்கு எடுக்கிறோம் என்று முன்னாலேயே சொல்லுங்கள், வேண்டாம் என்றால் வரைந்துகொள்ளுங்கள். நடைபாதையில் தூங்குகிறவர்களுக்கும் இதேதான்.

பார்வையற்றவர்களுக்குப் படத்தால் என்ன பயன்? அவர்களை விட்டுவிட்டு எல்லாரையும் உள்ளடக்கிய தெரு என்று சொல்ல முடியுமா?

முடியாது. அதனால் தொட்டுப் பார்க்கிற படம் செய்யுங்கள். அட்டையில் நடைபாதைக்கு உப்புத்தாள், ரோட்டுக்கு வழுவழுப்பான தாள், கட்டட ஓரத்துக்குச் சணல் கயிறு, மரத்துக்கு ஒரு பொத்தான். கூடவே அந்தப் பயணத்தை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்: எங்கே டீக்கடைச் சத்தம், எங்கே காலடியில் தரை மாறுகிறது, எங்கே திரும்ப வேண்டும். இந்தப் பதிவைக் கேட்டுவிட்டுப் பார்வையற்ற ஒருவர் "அந்த டீக்கடை சாயங்காலம்தானே திறப்பான், காலையில எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டால், அந்த ஒரு கேள்விக்குப் பத்துப் படம் ஈடாகாது.

பார்வையற்றவர்கள் காலால் உணர்ந்து வழி கண்டுபிடிக்க நடைபாதையில் பதிக்கிற மஞ்சள் டைல்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் செய்இச்சி மியாகே, 1965-இல். முதன்முதலில் 1967-இல் ஒகயாமா நகரத்தில், பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் பதித்தார்கள். நீளக் கோடு போட்டது என்றால் போகலாம், புள்ளி போட்டது என்றால் நில், கவனி. நம் ஊரில் அதை அலங்கார பார்டர் மாதிரி ஒட்டிக்கொண்டே போய் வேப்பமரத்தில் முட்டி நிறுத்தியிருப்பார்கள். உங்கள் படத்தில் மஞ்சள் கோடு போடுவதற்கு முன்னால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் ஓட்டிப் பாருங்கள்.

எந்த நேரத்தை வரைவது?

திட்டப் படங்களில் எப்போதும் காலை பத்து மணி, நீல வானம். நீங்கள் குறைந்தது மூன்று வரையுங்கள்: பள்ளி விடும் நேரம், இரவு எட்டரை, அப்புறம் நவம்பர் மழை. இரவுப் படத்துக்குத் தாளைக் கறுப்பாக்கிவிட்டு வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் மஞ்சளாக விடுங்கள். தெருவிளக்கு மரக்கிளைக்கு மேலே இருந்து ரோட்டுக்கு மட்டும் வெளிச்சம் போட்டு, நடைபாதை இருட்டாகக் கிடப்பது பளிச்சென்று தெரியும். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு எந்தப் பக்கமாக நடக்கிறீர்கள், ஏன் அந்தப் பக்கம் என்று பெண்களைக் கேட்டு அதே தாளில் கோடு போடச் சொன்னால், கோடுகள் எல்லாம் ஒரு மருந்துக்கடையையோ பழக்கடையையோ தொட்டுக்கொண்டுதான் போகும்.

மழைப் படத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று வயதானவர்களைக் கேட்டால் போதும்.

நம்ம வெயிலில் யார் சார் நடப்பார்கள்?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் என்ற கடைத்தெருவை 1962-இல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியபோது, எங்கள் குளிருக்கு இது சரிப்படாது, இத்தாலிக்காரர்கள்தான் தெருவில் நடப்பார்கள் என்று அங்கேயும் சொன்னார்கள். சரி, அவர்கள் குளிர் வேறு, நம் வெயில் வேறு. ஆனால் நம் ஊரில் நடக்கிறவர்கள் இப்போதே நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள், வேறு வழி இல்லாததால், நிழலும் இல்லாமல். கேள்வி கேட்கிறவர் பெரும்பாலும் காரில் வந்தவராக இருப்பார்.

நிழலைச் சரியாக வரையுங்கள் என்பதுதான் என் பதில். மற்ற ஊர்ப் படங்களைப் பார்த்துக் கட்டட நிழலை நீளமாகப் போட்டுவிடாதீர்கள். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல். அப்போது கட்டடத்துக்குப் பக்கத்தில் நிழலே விழாது, மரத்தடியில் மட்டும்தான் விழும். உச்சி வேளையை வரைந்து நிழலைச் சாம்பலாக அடித்தால், பஸ் ஸ்டாப்புக்கும் அடுத்த நிழலுக்கும் எத்தனை மீட்டர் என்று தெரிந்துவிடும். அந்த இடைவெளியில் புங்கனோ பூவரசோ வையுங்கள். வைக்கும்போது அது பத்து வருஷம் கழித்து எவ்வளவு விரியும் என்பதையும், வேரைச் சுற்றி மண்ணை விட்டு வைக்க வேண்டும் என்பதையும் படத்திலேயே காட்டுங்கள், இல்லாவிட்டால் அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசிவிடுவார்கள்.

கடைக்காரர்கள் பார்க்கிங் போய்விடும் என்று எதிர்க்கிறார்களே?

எதிர்ப்பார்கள், அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரு கார் நிற்க 2.5-க்கு 5 மீட்டர், ஆக 12.5 சதுர மீட்டர். அந்தச் செவ்வகத்தைக் கடை வாசலில் கோலமாவால் நிஜ அளவில் போடுங்கள். உள்ளே இருசக்கர வண்டிகளை நிறுத்திக் காட்டுங்கள், ஆறு தாராளமாக நிற்கும். அல்லது ஒரு பெஞ்ச், ஒரு மரம், நாலு பேர் பேசிக்கொண்டு நிற்க இடம். அந்த ஒரு கார் யாருடையது என்று கேளுங்கள், பல சமயம் கடை முதலாளியுடையதாகவே இருக்கும். இதைச் சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும்.

நடைமேம்பாலம் கட்டிவிட்டால் தீர்ந்ததே?

ரோட்டைக் கடக்கிறவரை மேலே ஏற்றிவிட்டால் வண்டிகளுக்குத் தீர்ந்தது. பாலத்தின் அடியில் 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றால், 15 சென்டிமீட்டர் படிகளாக 37 படி ஏறி, அதே அளவு இறங்க வேண்டும். மேலே சொன்ன பாட்டியை வைத்து இதை வரைந்து பாருங்கள், ஆறு கட்டம் போதாது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை வேறு ரகம். அது இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு தனிப் பாதை, லிஃப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு, கூட்டத்தைப் பிரிக்க உதவுகிறது. அதைக் காட்டி எல்லாச் சந்திப்பிலும் பாலம் கேட்பது சரியில்லை என்பது என் கட்சி. தரைமட்டத்தில் ஒரு கிராசிங், போதுமான பச்சை விளக்கு நேரம், நடுவில் நிற்க ஒரு திட்டு, இதுதான் நான் வரைவது. 15 மீட்டர் ரோட்டை நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் கடக்கிறவருக்கு 19 நொடி வேண்டும். உங்கள் சிக்னலில் எத்தனை தருகிறார்கள் என்று பார்த்து அதையும் படத்தின் ஓரத்தில் எழுதுங்கள்.

படத்தைக் காட்டி ஆசை காட்டிவிட்டு ஒன்றும் நடக்காவிட்டால்?

நடக்கும் வாய்ப்பு உண்டு, அதாவது ஒன்றும் நடக்காமல் போக. 2014-லேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது, போக்குவரத்து பட்ஜெட்டில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் இருக்கிறது. உங்கள் தெருவைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதனால் முதல் படத்திலேயே "இது யோசனை, இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை" என்று பெரிசாக எழுதிவிடுங்கள். கூடவே பெரிய படத்தில் இருந்து ஒரே ஒரு துண்டை, ஒரு பள்ளி வாசலையோ ஒரு தெருமுனையையோ, சுண்ணாம்பும் போக்குவரத்துக் கூம்புகளும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து காட்ட அனுமதி கேளுங்கள். அதற்கு டெண்டர் வேண்டாம்.

யாரிடம் கொண்டுபோவது?

முதலில் படத்தில் இருக்கிறவர்களிடம். பாட்டி பார்த்து "நான் இப்படிப் போக மாட்டேன்" என்று சொன்னால் மாற்றுங்கள். அப்புறம் வார்டு கவுன்சிலர், ஏரியா சபைக் கூட்டம், மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். பொறியாளருக்குக் கதைப் படத்தோடு அளவு போட்ட குறுக்குவெட்டு ஒன்றும் கொடுங்கள், கோப்பில் வைக்க அவருக்கு அதுதான் வேண்டும். கதைப் படத்தை ஃப்ளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டலாம் என்று சிலர் கேட்கிறார்கள். நடைபாதையை மறிக்காமல் கட்ட இடம் கிடைத்தால் கட்டுங்கள்.